பன்னெண்டு அம்பு

— பன்னெண்டும் சோத்தாங்கை பக்கமே போவுதுக்கா. ஒன்னு ரெண்டுன்னா என் கை தப்புன்னு வுட்டுடுவேன். பன்னெண்டும் போனா அம்பு தப்பு தான? நீயே உன் வாயால சொல்லு, என் பொண்டாட்டியும் கேட்டுக்கட்டும்.

— தோ பாரு தினேஷு, மொதல்ல ஹெல்மெட்ட கயட்டிட்டு கட்டில்ல குந்து. வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்ட. சசிரேகா, நீயும் குந்தும்மா. டீ போடறேன். எங்கூட்டு டீ குடிப்பீங்க இல்ல?

— இன்னா செவ்வந்திக்கா இப்படி கேக்கற. நாலு வருசமா உன் அம்புல தான் அடிச்சிக்கினு கீறேன், டீ குடிக்க மாட்டனா? ஆனா இப்ப வேணாம். சனிக்கெழம காஞ்சிபுரத்துல ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. இன்னிக்கு புதன். எனக்கு டீ எறங்குமா?

— எறங்கும். எங்கூட்டு அம்பு தப்பு பண்ணாது, அதனால எறங்கும். கேட்டுக்கோ, பதினேழு வருசமா இத்த செய்யறேன். எங்க தம்பி ஜான்சனுக்கு கம்பெனி அம்பு வாங்க வழியில்லன்னு ஆரம்பிச்சது. இன்னிக்கு செங்கல்பட்டுலேர்ந்து திருவண்ணாமல வரைக்கும் மூங்கில் வில்லு புடிக்கிற புள்ளைங்க முக்காவாசி பேரு கையில என் அம்பு தான். எவனும் பஸ் ஏறி உத்திரமேரூர் வந்து அம்பு தப்புன்னு சொன்னதில்ல. கொடு அந்த பைய.

— இந்தா. நல்லா பாரு. பாத்துட்டு சொல்லு.

— பாக்கறேன். தோ, கட்ட வெரல் நெகத்து மேல வெச்சி உருட்டறேன். ஆடுதா?

— ஆடல.

— நாணல் தட்டையில துளி கோணல் இருந்தா நெகத்துல டொக்கு டொக்குன்னு அடிக்கும். அடிக்கல. இப்ப கணுவ தடவிப் பாரு. கணு எங்க கீதுன்னு கண்ண மூடிக்கினு சொல்ல முடியாது உன்னால, அப்படி தேச்சி கீறேன். அடுத்தது காடி. கயிறு குந்தற எடம். கீழ நூலு சுத்தி கோந்து போட்டுக்கீது. பொளந்துதா?

— கோணல்னும் சொல்லல, பொளந்துதுன்னும் சொல்லல. நேரா போவலன்னு தான் சொல்றேன்.

— எறகு பாரு. மூணும் வான்கோழியோட பீச்சாங்கை றெக்கயிலேர்ந்து எடுத்தது. ஒன்னே ஒன்னு சோத்தாங்கை றெக்க கலந்துதுன்னா அம்பு சாராயம் குடிச்சவன் மாதிரி போவும். அதுக்குன்னு ரெண்டு டப்பா வெச்சிக்கீறேன், ஒன்னு பச்ச மூடி, ஒன்னு செவப்பு மூடி. எங்கூட்டுக்காரு தெரியாம மூடிய மாத்திட்டாருன்னு ஒரு நாளு அவருக்கு நாஷ்டாவே போடல.

— நான் ஒன்னு சொல்றேன்க்கா. எறகு இல்லன்னா வேற ஏதோ ஒன்னு. அது இன்னான்னு கூட எனக்கு வேணாம். அம்பு சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லு. அதுல உனக்கு இன்னா கொறஞ்சி போவுது?

— எல்லாமே கொறஞ்சி போவும். செய்யாத தப்ப செஞ்சேன்னு நான் ஏன் சொல்லணும்? வில்ல எடு. அந்த வைக்கப்போர்ல சாக்கு தொங்குது பாரு, சுண்ணாம்புல வட்டம் போட்டு கீது. வேப்ப மரத்தாண்ட நின்னு அடி. இரு, மாட்ட இந்தாண்ட கட்டிடறேன். சரி, இப்ப அடி.

— தோ.

— இன்னொன்னு.

— தோ.

— இன்னும் ஒன்னு அடிச்சிட்டு வில்ல எறக்கு.

— பாத்தியாக்கா? மூணும் வட்டத்த வுட்டு ஒரு மொழம் தள்ளி. சசி, நீயும் பாத்துக்கோ. நான் பொய்யா சொன்னேன்?

— பொய்யின்னு நான் சொல்லல. ஆனா கிட்ட வந்து பாரு. மூணும் என் உள்ளங்கைக்குள்ள அடங்குது. கெட்ட அம்புன்னா ஒன்னு மேல போவும், ஒன்னு வரப்புக்கு போவும். இது ஒரே எடத்துக்கு போவுது, அந்த எடம் தான் தள்ளி கீது. இதுக்கு ஒரே காரணம் தான். உள்ள வாங்க ரெண்டு பேரும். சசிரேகா, நீ ஏம்மா வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல?

— நீங்க பேசறீங்க இல்லக்கா. கேட்டுக்கினு கீறேன்.

— தலய குனிஞ்சி வா, பரண் தட்டும். தோ, செவுத்துல ரெண்டு ஆணி. அம்ப இது மேல படுக்க வெச்சி நடுவுல ஒரு கிலோ எடக்கல்ல மாட்டுவேன். பின்னால ஸ்கேல் ஒட்டி கீது. உன் வில்லு நாப்பது பவுண்டு இழுப்பு. அதுக்கு தட்ட ரெண்டு சென்டிய தாண்டாம தொங்கணும். இப்ப மாட்டறேன், எத்தினின்னு நீயே படி.

— ரெண்டு... ரெண்டே முக்கால்.

— அடுத்த அம்பு.

— ரெண்டே முக்கால்.

— பன்னெண்டையும் மாட்டலாம், பொழுது போவும், வேற ஒன்னும் ஆவாது. எல்லாம் ரெண்டே முக்கால் தான். தட்ட மெது. மெது தட்டய பலமான வில்லுல வெச்சி வுட்டா அது வளைஞ்சி சோத்தாங்கை பக்கம் தான் ஓடும். கேட்டுக்கோ தினேஷு, தப்பு பண்றவ ஒரு அம்புல பண்ணுவா, ரெண்டுல பண்ணுவா. பன்னெண்டையும் ஒரே மாதிரி தப்பா செய்ய எனக்கு வராது. இது இருபத்தெட்டு பவுண்டு வில்லுக்கு பொறுக்கி எடுத்து செஞ்ச அம்பு.

— இருபத்தெட்டா? ஆனி மாசம் நானே வந்து நாப்பதுன்னு சொல்லிட்டு போனேன்.

— சொன்ன. அதோ அடுப்பு பக்கம் செவுத்துல கரியால எழுதி கீது, பாரு. தினேஷு நாப்பது. அத்த அடிச்சிட்டு பக்கத்துல இன்னா எழுதி கீது?

— இருபத்தெட்டு. யாரு அடிச்சது?

— நான் தான். ஆவணி மாசம் உன் நம்பர்லேர்ந்து போன் வந்துது. இருபத்தெட்டா மாத்திக்கோன்னு.

— நான் போனே பண்ணலியே.

— நீ பண்ணல. பொம்பள கொரலு. அவரு வில்ல மாத்திட்டாரான்னு கேட்டேன், ஆமாக்கா வில்லு மாறிடுச்சின்னு சொல்லுச்சி. நீளம் கொறைக்கணுமான்னு கேட்டேன், வேணாம் அதே நீளம்னு சொல்லுச்சி.

— சசி.

— ம்.

— நீயா?

— நான் தான்.

— வில்லு மாறிடுச்சின்னு யாரு சொன்னா உனக்கு? நாலு வருசமா வூட்டு ஆணியில தொங்கிக்கினு கீது, நாப்பதுன்னு அதுலயே எழுதி கீது. படிக்கத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சிமா... சரி வுடு. வாய் தவறி வந்துட்டுது. நடந்தது நடந்து போச்சி. அம்பு ஒத்து வரல, அதனால சனிக்கெழம போவல, அவ்ளோ தான் மேட்டரு. யாராவது கேட்டா அப்படியே சொல்லு. வா, போலாம். அக்கா, வரோம்.

— இரு இரு. எங்க ஓடற? வரச்சொல்ல அந்த சத்தம் போட்ட, இப்ப அவ்ளோ தான்ற. மாநிலம் பூரா ஆம்பளைங்க பக்கம் பதினாறு பேர தான் கூப்ட்டு கீறாங்களாம், அதுல எம்புள்ளயும் ஒருத்தன்னு உங்கப்பா வாலாஜாபாத்து மில்லுல நெல்லு போட வரவன் கிட்டலாம் சொல்லிக்கினு கீறாராமே. டீமுல சேந்தா கவர்மெண்ட்டு வேலயே கெடைக்கும்ன்றாங்க. அத்த இவ்ளோ லேசா வுடுவியா?

— இன்னா பண்ண சொல்ற? ரெண்டு நாளுல வேற பன்னெண்டு செஞ்சி கொடுப்பியா?

— அது முடியாது. பொய் சொல்ல மாட்டேன். தை மாசம் பழையசீவரத்தாண்ட பாலாத்துல எறங்கி முந்நூறு நாணல் அறுத்துக்கினு வந்தேன். ஆறு மாசம் பரண்ல காய வெச்சேன். பூச்சி தின்னது போவ, வெடிச்சது போவ, ஒரே கனம், ஒரே வளைவுன்னு பொறுக்கினா ஒரு வில்லுக்கு பன்னெண்டு தேறும். நாப்பதுக்கு உனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன். நீங்க மாத்த சொன்னதும் அத்த செய்யாறு பக்கத்து பையன் ஒருத்தனுக்கு கொடுத்துட்டேன். இப்ப ஐப்பசி, ஆத்துல தண்ணி. பச்ச நாணல அறுத்து நெருப்புல காட்டினா சுருங்கி போவும்.

— அப்ப முடிஞ்சிது.

— முடியல. அந்த பரண்ல துணி சுத்தி கீது பாரு, அத்த எடு. எங்க ஜான்சன் அடிச்ச ஆறு அம்பு. அவனும் நாப்பது பவுண்டு தான், உன் ஒசரம் தான். ஆவடில டூட்டிக்கு போனப்பறம் தொடறதில்ல. மாசத்துக்கு ஒரு வாட்டி நான் தான் நிமுத்தி, எண்ண தடவி வெச்சிக்கீறேன். ஆறு போதும் உனக்கு. எடுத்துக்கினு போய் சனிக்கெழம அடி.

— வேணாம்.

— ஏன்?

— அடுத்தவன் அம்புல எனக்கு கை வராது.

— நாளைக்கு ஒரு நாளு, நாளன்னிக்கு ஒரு நாளு அடிச்சிப் பாரு, வந்துடும். உன் பழைய அம்பு எத்தினி கீது?

— நாலு தான் கீது. அதுல ஒன்னு வெடிச்சிட்டுது. வேணாம்னு சொல்றேன் இல்லக்கா, வுடேன். இந்த பன்னெண்டையும் கூட நீயே வெச்சிக்கோ. எனக்கு எதுக்கு?

— அந்த பன்னெண்டும் எனக்கு வேணும்க்கா.

— இன்னா சசிரேகா? இப்ப தான் வாய தொறக்கற.

— வண்டியில ஒரு வில்லு சாக்குல சுத்தி எடுத்துக்கினு வந்தேன். அத்த எடுங்க.

— அது என் பழைய வில்லு. கயிறு அறுந்து போச்சி, அக்காகிட்ட காட்டணும்னு தான எடுத்துக்கினு வந்த?

— கயிறு நல்லா தான் கீது. இது இருபத்தெட்டு பவுண்டு. தள்ளிக்கோங்க மாமா. வேப்ப மரத்தாண்ட நான் நிக்கணும்.

— சசி, வெளயாடாத. அம்பு யார் மேலயாவது பட போவுது.

— தினேஷு, கம்முனு இரு. அது நிக்கறத பாத்தாலே தெரியல? தோளு எறங்கி கீது, மொழங்கை மடங்கல. நீ அடிம்மா.

— அடிக்கறேன்க்கா.

— ம். வட்டத்துல ஒன்னு. அடுத்தது.

— தோ.

— வட்டத்துல ரெண்டு. இன்னும் ஒன்னு அடி, ஆனா மொத அம்ப ஒடைச்சிடாத, நான் தான் கஷ்டப்பட்டு செஞ்சேன்.

— மூணு. அவ்ளோ தான்க்கா.

— மூணும் சுண்ணாம்புக்குள்ள. எங்கூட்டு அம்பு நேரா போவுதா இல்லயா? தினேஷு, இப்ப உன் வாயால சொல்லு, நான் கேட்டுக்கறேன்.

— எத்தினி நாளா நடக்குது இது?

— பங்குனியிலேர்ந்து. நீங்க கம்பெனிக்கு மொத ஷிப்டு போற வாரம் மட்டும். மோட்டார் கொட்டா பின்னால.

— வூட்ல யாருக்கும் தெரியாதா?

— அத்தைக்கு தெரியும். அம்பு பொறுக்கிக்கினு வரதே அவங்க தான்.

— எங்கம்மாவா? எங்கம்மா முட்டி வலின்னு மாடிப்படி கூட ஏறாது.

— அம்பு பொறுக்க மட்டும் ஓடுவாங்க. மாமா, உங்க பழைய அம்ப என் வில்லுல வெச்சி அடிச்சா எல்லாம் பீச்சாங்கை பக்கமே போச்சி. மூணு மாசம் என் கை தான் தப்புன்னு அழுதுக்கினு கெடந்தேன். அப்பால தான் புரிஞ்சிது, அது உங்க வில்லுக்கு செஞ்ச அம்புன்னு. எனக்குன்னு செஞ்சா தான் எனக்கு போவும்.

— அப்ப நீளம்? அதே நீளம்னு எப்படிம்மா அவ்ளோ தைரியமா போன்ல சொன்ன?

— வயலுக்கு போவச்சொல்ல அவரு முழுக்கை சட்டய தான்க்கா மேல போட்டுக்கினு போறேன். மணிக்கட்டுல கரெக்டா நிக்கும். எங்க ரெண்டு பேருக்கும் கை ஒரே நீளம்.

— கில்லாடி தான் நீ. டேப்பு வெச்சி அளக்கற பசங்களே அர இஞ்சி தப்பா சொல்றானுங்க.

— நீ இன்னாக்கா அவள மெச்சிக்கினு கீற? எனக்கு செய்ய சொன்ன அம்பு அது. எனக்கு ஒரு வார்த்த சொல்லாம மாத்தி எடுத்துக்கினா. இது எந்த ஊரு நியாயம்? இத்த வெச்சிக்கினு இவ இன்னா பண்ணப்போறா, காக்கா ஓட்டப்போறாளா?

— சனிக்கெழம அடிக்கப்போறேன்.

— எங்க?

— காஞ்சிபுரத்துல தான். பொம்பளைங்க பக்கம் ஆளு பத்தல, பேரு கொடுக்கலாம்னாங்க. கொடுத்துட்டேன்.

— யாரு சொன்னா? எங்க போய் கொடுத்த?

— ஸ்டேடியத்துல.

— ஸ்டேடியத்துக்கு நீ எப்ப போன?

— போனேன் ஒரு நாளு.

— எந்த நாளு?

— நாளு கெழம கேட்டு இப்ப இன்னா பண்ணப்போற தினேஷு? ஆனா சசிரேகா, உன் கிட்டயும் ஒன்னு சொல்லணும், கோவிச்சிக்காத. நீ அடிச்சதுல எனக்கு வயிறு நெறஞ்சி போச்சி. அதுக்காக நீ பண்ணத சரின்னு சொல்ல மாட்டேன். ஒரு ஆளு நாலு வருசமா காத்துக்கினு கீறான், அவன் அம்ப அவனுக்கு தெரியாம உன்னுதா மாத்திக்கினது தப்பு. என்னயும் அதுல கூட்டு சேத்துக்கின. எங்கிட்ட உண்மைய சொல்லியிருந்தா ஒரே நாணல்ல ரெண்டு பேருக்கும் பொறுக்கி கொடுத்திருப்பேன்.

— கோவம் இல்லக்கா. நீங்க சொல்றது சரி தான்.

— சரின்னா மாமாகிட்ட சொல்லு, என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற. தினேஷு, மொகத்த தூக்கி வெச்சிக்காத. ஜான்சன் அம்ப புடி. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போய் அடிச்சிட்டு வாங்க. புருசனும் பொண்டாட்டியும் ஒரே நாளுல, ஒரே வூட்டு அம்புல. நினைச்சாலே எனக்கு சிலுத்துக்குது. புடிடா.

— வேணாம்க்கா.

— அட புடி. கூச்சம் இன்னாத்துக்கு?

— வேணாம்னு எத்தினி வாட்டி சொல்றது?

— ஆறு நல்ல அம்பு கையில கொடுக்கறேன், இழுப்பு ஒத்து வருது, நீளம் ஒத்து வருது. ரெண்டு நாளு டைம் கீது. போவணும்னு நெனைக்கறவன் எவனாவது வேணாம்னு சொல்லுவானா? உனக்கு இன்னா தான் பிரச்சன?

— போவணும்னு தான்க்கா நெனச்சேன். நாலு வருசமா அது ஒன்ன தான் நெனச்சேன்.

— அப்ப போ.

— கூப்புடலியே. அந்த பதினாறு பேருல நான் இல்ல. மூணு பாயின்ட்டு கம்மி. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நானும் ஆமான்னு தலய ஆட்டிட்டேன், அப்பால எப்படி இல்லன்னு சொல்றது? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. போன வாரம் இந்த அம்ப வெச்சி அடிச்சிப் பாத்தேன், எல்லாம் தள்ளி போச்சி. அப்ப எனக்கு சந்தோசமா இருந்துதுக்கா. அம்பு கெட்டுப் போச்சி, அதனால போவலன்னு சொல்லிக்கலாம். அதுக்கு தான் இவளயும் கூட இட்டுக்கினு வந்தேன், உன் வாயால கேக்கட்டும்னு. மன்னிச்சிக்கோக்கா. சசி, நீயும் தான். லிஸ்ட்டுல என் பேரு இல்ல.

— தெரியும் மாமா. ஆவணியில உங்க பேர தேடிக்கினு தான் ஸ்டேடியத்துக்கு போனேன், இல்லன்னு பாத்துட்டு வந்த அன்னிக்கு தான் அக்காவுக்கு போன் பண்ணேன்.